கேகாலையில் தொடங்கிய இரண்டு வழக்குகள்

உடப்புசல்லாவையிலிருந்து கண்டி வழியாகக் கொழும்புக்குப் போவோர் கேகாலையைக் கடந்தே போகவேண்டும். அந்த இடம் வரும்போது நான் பெரும்பாலும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பேன். அந்த ஊரில் எனக்கு உறவுமில்லை, கொடுக்கல் வாங்கலுமில்லை. ஆயினும் சுதந்திரத்தின் பின் இந்நாட்டில் தமிழ் பேசுவோரின் தலைவிதியைத் தொட்ட இரண்டு வழக்குகள் அந்தப் பக்கத்திலிருந்தே புறப்பட்டன. ஒன்று வாக்குரிமை பற்றியது. மற்றது மொழி பற்றியது.

இவ்விரு வழக்குகளைப் பற்றியும் நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். கோடீஸ்வரன் வழக்கு என்றால் படித்தவர் மத்தியில் தெரியாதோர் குறைவு. ஆனால் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து கீழ்நோக்கி எழுதப்பட்டவை. இலண்டனில் பிரிவி கவுன்சில் என்ன சொன்னது, கொழும்பில் உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்று தொடங்கி, முதலில் விசாரித்தவரை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வழக்கை முதன்முதலில் கையிலெடுத்து, கட்சிக்காரரின் முகத்தை நேரில் பார்த்துத் தீர்ப்பெழுதியவர் அந்த ஒரு வரிக்காரர்தான். அவரைப் பற்றி எழுதவேண்டுமென்பது என் நெடுநாள் எண்ணம்.

முதலில் 29ஆம் பிரிவைப் பற்றிச் சொல்லவேண்டும். சோல்பரி அரசியல் யாப்பு என்று நாம் அழைக்கும் 1946ஆம் ஆண்டின் அரசியலமைப்புக் கட்டளையில் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பாராளுமன்றத்துக்குச் சில வேலிகளைப் போட்டது. எந்த மதத்தையும் சுதந்திரமாகப் பின்பற்றுவதைத் தடுக்கக்கூடாது. ஒரு சமூகத்தாருக்கு இல்லாத இயலாமையையோ கட்டுப்பாட்டையோ இன்னொரு சமூகத்தார்மீது சுமத்தக்கூடாது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் சலுகை கொடுக்கக்கூடாது. இவற்றை மீறி இயற்றப்படும் சட்டம் மீறிய அளவுக்குச் செல்லாது என்று அடுத்த உட்பிரிவு சொன்னது. எழுத்தில் பார்த்தால் இதைவிடத் தெளிவாக எழுதமுடியாது. ஆனால் செல்லாது என்று யாராவது வாய்திறந்து சொல்லவேண்டுமே!

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கு பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என்பது வம்சாவளிப் பிரஜாவுரிமைக்கான நிபந்தனை. லயக் காம்பராவில் பிறந்த பாட்டனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைத்தார்கள்? அடுத்த ஆண்டில் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. அதன்பின் அதே 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருந்தனர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் நம் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை ஆகியோரும் அவ்வெழுவரில் அடங்குவர். 1952 தேர்தலில் ஒருவருமில்லை.

அந்தச் சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தானியர் என்றும் இருப்பதைக் கவனிக்கவேண்டும். தோட்டத் தொழிலாளரை மட்டுமல்ல, மலையக நகரங்களின் கடைவீதிகளில் இருந்த தமிழ்நாட்டு முஸ்லிம்களையும் அது பிடித்துக்கொண்டது. என் மூத்தவாப்பா இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்து உடப்புசல்லாவையில் ஒரு புடைவைக் கடையில் சிப்பந்தியாக இருந்தவர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிய சின்ன ரயிலில் வந்திறங்கி, அங்கிருந்து நடந்து வந்ததாகச் சொல்வாராம். அந்த ரயில் பாதையும் 1940களோடு முடிந்துபோயிற்று. அவரும் மனுப்போட்டார். மணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டுகள் இடையறாது வசித்திருக்கவேண்டும், மனைவியும் இங்கேயே வசித்திருக்கவேண்டும் என்பது விதி. மூத்தும்மா முதற்பிரசவத்துக்காக ஊருக்குப் போய் ஒன்றரை வருடம் தங்கியிருந்தார். மனு நிராகரிக்கப்பட்டது. விண்ணப்ப முடிவுத் திகதியான 1951 ஆகஸ்ட் 5 வரையில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் மனுக்கள் குவிந்தன. பிரஜைகளாகப் பதியப்பட்டவர்கள் கடைசியில் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்தான்.

இந்தக் கட்டத்தில்தான் கேகாலை மாவட்டத்தில் கொடக்கன் பிள்ளை என்ற இந்தியத் தமிழர் தமது பெயரைத் தேருநர் இடாப்பில் சேர்க்குமாறு கேட்டார். பிரஜையல்லர் என்று பதிவு அதிகாரிகள் மறுத்தனர். விடயம் இடாப்பைத் திருத்தும் அதிகாரியிடம் வந்தது. அவர் பெயர் என். சிவஞானசுந்தரம். இடாப்பில் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் அந்தப் பதவியின் வேலை. யாரும் அவரிடம் பெரிய தத்துவத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் அப்பிரிவுகளையும் தேர்தல் திருத்தச் சட்டத்தின் பிரிவையும் 29ஆம் பிரிவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்தியத் தமிழ்ச் சமூகத்தார்மீது பிறர்மீதில்லாத இயலாமையை இவை சுமத்துகின்றன, ஆகவே செல்லாது, பெயரைச் சேர்க்கலாம் என்று தீர்ப்பளித்தார். பாராளுமன்றத்தின் இரண்டு சட்டங்களை ஓர் இடாப்பு அதிகாரி செல்லாதென்றார்!

அத்தீர்ப்பின் ஆயுள் குறுகியது. 1951இலேயே உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, சொல் தெளிவாக இருக்கும்போது அதன் பின்னாலுள்ள அரசியல் நோக்கத்தைத் தோண்டத் தேவையில்லை என்பது அந்நீதிமன்றத்தின் வாதத்தின் சாரம். 1953இல் பிரிவி கவுன்சிலும் ஒத்துக்கொண்டது. தன் நாட்டுப் பிரஜைகள் யாரென்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான உரிமை என்றது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லாமலே அச்சமூகத்தை மட்டும் வெளியே நிறுத்த வேலி போடலாம் என்பதை நம் நாட்டின் சட்டம் இயற்றுவோர் அன்று கற்றுக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே 1951ஆம் ஆண்டில் இன்னொரு நாட்டில் இன்னொரு முதல்நிலை நீதிபதியும் தோற்றுப்போன தீர்ப்பொன்றை எழுதினார். அவருடைய வரலாற்றைப் படித்தபிறகுதான் கேகாலைத் தீர்ப்பின் அருமை எனக்கு விளங்கிற்று. ஆகவே அவரையும் இங்கு அறிமுகம் செய்கிறேன்.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துச் சார்ள்ஸ்டன் நகரில் 1880இல் பிறந்தவர் ஜே. வேட்டிஸ் வேரிங். பல தலைமுறைகளாக அந்நகரில் வாழ்ந்த வெள்ளையர் குடும்பம். தகப்பனார் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையில் இருந்தவர். 1942இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைச் சமஷ்டி மாவட்ட நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டில் முகம் கறுப்போர் உண்டு. அங்கே அது மாநிலத்துக்குரியதல்லாத, மத்திய அரசுக்குரிய நீதிமன்றம் என்பதை மட்டுமே குறிக்கும். அந்த ஏணியில் சாட்சிகளை விசாரிக்கும் முதற்படி அது. ஜனாதிபதி நியமித்துச் செனற் சபை ஒப்புக்கொண்டுவிட்டால் ஆயுட்காலப் பதவி, சம்பளத்தைக்கூடக் குறைக்கமுடியாது. நம் மாவட்ட நீதிபதிகளின் நியமனமும் இடமாற்றமும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அறுபது வயதைத் தாண்டும் வரையில் வேரிங் தம் சமூகத்தின் மனநிலையை மீறியவரல்லர். அவரைப் புரட்டிப்போட்டது ஒரு வழக்கு. 1946 பெப்ரவரியில், உலகப் போரிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஐசக் வூடார்ட் என்ற கறுப்பின இராணுவ வீரரைப் பேட்ஸ்பேர்க் ஊரின் பொலிஸ் தலைவர் தடியால் அடித்தார். வூடார்டின் இரண்டு கண்களும் பறிபோயின. அவ்வாண்டு நவம்பரில் வேரிங்கின் முன்னிலையில் விசாரணை நடந்தது. வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி அரை மணிநேரத்துக்குள் பொலிஸ் தலைவரை விடுவித்தது. தீர்ப்பைக் கேட்ட வேரிங்கின் மனைவி எலிசபெத் கண்ணீர் விட்டார். கணவனும் மனைவியும் அதன்பிறகு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினர். வேரிங் அறுபதாண்டுகள் வாழ்ந்த ஊரைப் பற்றி!

அடுத்த ஆண்டே ஜோர்ஜ் எல்மோர் என்ற கறுப்பினத்தவர் வாக்குரிமை வழக்கொன்றைக் கொண்டுவந்தார். தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் வென்றவரே பொதுத் தேர்தலிலும் வெல்வார். அந்த உட்தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கமுடியாது. அது தனியார் சங்கத்தின் தேர்தல் என்று காட்டுவதற்காக மாநிலம் தன் சட்டப் புத்தகத்திலிருந்து உட்தேர்தல் பற்றிய சட்டங்களையே நீக்கிவிட்டிருந்தது. வேரிங் அந்த வித்தையை ஏற்கவில்லை. 1947 ஜூலையில் எல்மோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சொற்களில் நிறம் இல்லை என்பதற்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

பிறகு கிளாரெண்டன் மாவட்டப் பாடசாலை வழக்கு. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதுவே நெருக்கமானது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பஸ்கள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. மைல் கணக்கில் நடந்தார்கள். பெற்றோர் முதலில் கேட்டது ஒரேயொரு பஸ். மறுக்கப்பட்டதால் வழக்கு வளர்ந்தது. மனுவில் முதற்பெயராக இருந்த ஹரி பிரிக்ஸ் பெற்றோல் நிலைய வேலையை இழந்தார். மூவர் கொண்ட மன்று 1951 ஜூனில் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த ஒருவர் வேரிங். பிரித்து வைப்பதே சமமின்மைதான், வசதிகளைச் சமமாக்கிவிட்டோம் என்று அதை மூடமுடியாது என்று அவர் தனியே எழுதிவைத்தார்.

சார்ள்ஸ்டன் அவரை மன்னிக்கவில்லை. நண்பர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினர். முற்றத்துக்கருகில் சிலுவை எரிக்கப்பட்டது. வீட்டின்மேல் கல் வீசப்பட்டது. 1952இல் ஓய்வுபெற்று நியூயோர்க் போய்விட்டார். ஆனால் 1954 மே 17இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பிரவுண் வழக்கில் ஏகமனதாக அவர் எழுதியதையே சட்டமாக்கியது. கிளாரெண்டன் வழக்கும் அத்தோடு சேர்த்தே தீர்க்கப்பட்டது. வேரிங் 1968இல் இறந்து சார்ள்ஸ்டனுக்கே கொண்டுவரப்பட்டு அடக்கப்பட்டபோது வந்திருந்த வெள்ளையரை விரல்விட்டு எண்ணலாம். கறுப்பின மக்கள்தாம் திரண்டு வந்தனர். 2015இல் சார்ள்ஸ்டனிலுள்ள சமஷ்டி நீதிமன்றக் கட்டடமொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

1951இல் அங்கே எழுதப்பட்டது மூன்றாண்டில் மேலே ஏறிற்று. 1951இல் இங்கே எழுதப்பட்டது இரண்டாண்டில் புதைக்கப்பட்டது. சிவஞானசுந்தரத்தின் பெயரில் கட்டடம் ஏதுமில்லை. சட்ட அறிக்கைகளில் 'முதநாயக்க எதிர் சிவஞானசுந்தரம்' என்று, பிழைவிட்டவர் பக்கத்தில், அவர் பெயர் நிற்கிறது.

இனி இரண்டாவது வழக்கு. அதற்கு முன் என் சொந்தக் கதையொன்று. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு முழுவதும் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. கடைத்தெருவில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் சொன்ன கருத்தை நம்பி, கேட்டதை விட்டு வேறொரு படிவத்தை அனுப்பிவைத்தேன். அதனால் அவ்வருடச் சம்பள ஏற்றம் ஏழு மாதம் பிந்தியது. பெரிய தொகையல்ல. ஆனால் ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் அந்த இடத்தைப் பார்க்கும்போது வரும் உணர்ச்சி பணத்தைப் பற்றியதல்ல. என் மொழி இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்லியிருக்கும் காலத்தில் இது. அப்படி ஒன்றுமே இல்லாத காலத்தில் சம்பள ஏற்றத்தை இழந்தவர் சி. கோடீஸ்வரன்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கையொன்று, அரச ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்றது. 1952இல் அரச சேவையில் சேர்ந்து, ஆங்கில மொழியில் தம் கடமையைச் செய்துவந்த கோடீஸ்வரன் அப்போது கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞர். அவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரலில் வரவேண்டிய ஏற்றம் வரவில்லை. சட்டமா அதிபரை எதிராளியாக்கிக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் அவருக்குப் பின்னால் நின்றது. கேட்டது ஒரு மாதத்துச் சில ரூபாக்கள். அதைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க, மொழிச் சட்டமே செல்லுமா என்று தீர்மானிக்கவேண்டியிருந்தது.

வழக்கை விசாரித்தவர் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர். இதே பெயரில் 1940களில் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதியரசர் இருந்தார். அவர் வேறு, இவர் வேறு. பறங்கியர் சமூகத்தவர். 1956இன் பின் அச்சமூகத்தவர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. மாவட்ட நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. எழுவினாக்களை வகுத்து, சாட்சியத்தைக் கேட்டு, தனியொருவராக உட்கார்ந்து விடையெழுதவேண்டும். மேலே 1953ஆம் ஆண்டின் பிரிவி கவுன்சில் தீர்ப்பு நிற்கிறது. மொழிச் சட்டத்தின் சொற்களிலும் எந்தச் சமூகத்தின் பெயரும் கிடையாது. அந்தத் தீர்ப்பைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தால் யாரும் அவரைக் குறைசொல்லியிருக்க முடியாது. 1964இல் அவர் தீர்ப்பளித்தார்: மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது, அதன்கீழ் வந்த சுற்றறிக்கையும் நிற்காது, வழக்காளிக்கு ஏற்றம் உரியது.

அதே 1964இல் பிரிவி கவுன்சில், லஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்ற வேறொரு வழக்கில், 29ஆம் பிரிவின் அந்த வேலிகள் மாற்றப்பட முடியாதவை என்ற கருத்தைச் சொல்லிவைத்தது. ஆக அந்த ஒரு வருடத்தில் பிரிவுக்கு உயிர் இருந்தது.

சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 1967இல் பிரதம நீதியரசர் எச்.என்.ஜீ. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜீ.பீ.ஏ. சில்வாவும் அடங்கிய உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. எப்படி? மொழிச் சட்டம் சரியென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை. முடிக்குரிய ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது, ஆகவே மற்றக் கேள்விக்குப் போகவேண்டியதில்லை என்றது. 1969 டிசம்பர் 11இல் பிரிவி கவுன்சில் இதை ஏற்கவில்லை. இலங்கைச் சட்டத்தின்படி அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தானும் தீர்க்காமல் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. மேல்மாடிக்காரர் கீழ்மாடிக்கும் கீழ்மாடிக்காரர் மேல்மாடிக்குமாக அந்தக் கேள்வியைத் தள்ளிக்கொண்டிருந்தனர் என்று எழுதினால் நீதிமன்ற அவமதிப்பாகுமோ என்னவோ!

1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது. சிங்களம் அரசகரும மொழி என்பது இப்போது யாப்பினுள்ளேயே ஏறிக்கொண்டது. 29ஆம் பிரிவு இல்லாமற் போயிற்று. நிறைவேறிய சட்டத்தைச் செல்லாதெனக் கூறும் அதிகாரமும் நீதிமன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. திருப்பியனுப்பப்பட்ட கேள்விக்குக் கடைசிவரை எந்த மேல்மன்றமும் விடை சொல்லவில்லை. ஆக, 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு ஒத்ததா என்ற வினாவுக்கு இந்நாட்டு நீதிமன்றம் ஒன்று விசாரித்துக் கொடுத்த விடை ஒன்றே ஒன்றுதான். அது டி கிரெட்சர் 1964இல் கொடுத்தது. அவர் ஏற்றத்தைக் கொடு என்றதைத்தான் உயர் நீதிமன்றம் மாற்றியது. சட்டம் செல்லாது என்று அவர் காட்டிய காரணம் பிழையென்று எங்கும் எழுதப்படவில்லை.

வேரிங்குக்கு நேர்ந்தது டி கிரெட்சருக்கு நேரவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளில் அவர் உயர் நீதிமன்ற நீதியரசராக உயர்ந்தார். நாம் மற்றவரைக் குற்றஞ்சாட்டும்போது இதை விட்டுவிடுகிறோம். தீர்ப்பெழுதியவரை மேலே ஏற்றிக்கொண்டார்கள். அவர் எழுதிய காரணத்தை மட்டும் கீழேயே விட்டுவிட்டார்கள்.

என் வாப்பா 1950இல் உடப்புசல்லாவையில் பிறந்தவர். தகப்பன் பிரஜையல்லாததால் மகனும் பிரஜையல்லர். இந்தியாவுக்குப் போக மனுப்போடாதவர் என்பதால் 1988ஆம் ஆண்டின் நாடற்றோர் சட்டத்தின் கீழ்தான் இந்நாட்டவரானார். கேகாலை அதிகாரியின் தீர்ப்பு நின்றிருந்தால் அவர் 1970 தேர்தலில், இருபது வயதில், முதல் வாக்கைப் போட்டிருப்பார். போட்டது 1994இல். அன்று நான் பாடசாலை மாணவன். வாக்குச் சாவடியிலிருந்து வந்து, மை காயாத விரலைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, மறுகையால் கடைக் கதவைத் திறந்தார்.